பாக்கம் விழுங்கும் பட்டினம்

குப்பம் என்னும் சொல்லைச் சென்னை மாநகரம் படுத்தியுள்ள பாடு பெரிது. குவி, குப்பு, குப்பை, குப்பம் என ஒரே வேரினின்று கிளைத்த சொற்களுள் ஒன்று அது. குடில்கள் ஓரிடத்துக் குவிந்து ஊராய்த் திரண்ட இடம் என்பதே அதன் நேர்பொருள். தொண்டை நாட்டுக் கடற்கரை நெடுகிலும் மீனவர் ஊருக்கு அதுவே இயற்பெயர். பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் என அப்பெயர் இன்றும் தலைநிமிர்ந்தே வழங்குகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தெற்கே வந்து நகரெல்லைக்குள் நுழைந்ததும் அதே சொல் வசைச்சொல்லாகி விடுகின்றது. ஒருவனைக் குப்பத்தான் என்றால் சண்டைக்கு வருகின்றான். சொல் தானாக இழிவதில்லை. அச்சொல்லுக்குரிய மக்கள் தாழ்த்தப்பட்ட பின்னரே அதுவும் தாழும். ஒரு நகரம் எவ்வாறு வளர்ந்தது, யாரை உள்ளே கொண்டது, யாரை வெளியே தள்ளியது என்று அறிய விரும்புவார், அந்நகரத்தார் நாவில் எந்தெந்த ஊர்ச்சொற்கள் இழிந்து கிடக்கின்றன என்று முதற்கண் நோக்குதல் தகும்.

நெய்தல் நிலத்து ஊர்களுக்கு இலக்கண நூலார் வகுத்த பெயர்கள் பாக்கம், பட்டினம் என்னும் இரண்டு. கலம் வந்தடையும் பேரூர் பட்டினம். அதனைச் சார்ந்த கரையூர் பாக்கம். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரை இவ்வாறே இருகூறாய்ப் பகுத்துக் காட்டும். கடலோரத்து மருவூர்ப்பாக்கத்தில் யவனரும் நெசவாளரும் மீன்விலைஞரும் உப்பு விற்பாரும் குயவரும் கொல்லரும் தச்சரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனும் பெருவணிகரும் அவர்க்கு அணுக்கரானோரும் வாழ்ந்தனர். பகுப்பு இருந்தது, அதனை மறைக்க வேண்டுவதில்லை. பழம்பெருமை பேசுவார் சிலர் பண்டைத் தமிழ் நகரத்தில் மேல் கீழ் என்பதே இல்லையென்று அடித்துச் சொல்வர். அஃது ஏட்டைப் படியாதார் கூற்று. ஆயினும், பாக்கம் அன்று நகரத்தின் செம்பாதியாய் எண்ணப்பட்டது. இரண்டுக்கும் நடுவே, மரஞ்செறிந்த சோலையில், நாளங்காடி இருந்தது. கரையோரத்தானும் மாடத்தானும் நாள்தோறும் ஒருவர் முகத்தை ஒருவர் காணும் இடம் அது. இற்றை நகரத்திற்கும் புகாருக்கும் உள்ள வேறுபாடு அந்த அங்காடியில் இருக்கின்றது.

பழவேற்காடு இன்று சிற்றூர். ஒருகாலத்தில் அது பட்டினம். திருவேற்காடு போல வேலமரக் காட்டால் பெயர் பெற்ற ஊர் அது. அயலார் நாவில் அப்பெயர் ‘புலிக்காட்’ எனச் சிதைந்தது. வடமொழிப் பற்றாளர் ஏரிக்குப் ‘பிரளயகாவேரி’ என்றும் பெயரிட்டனர். சிதைந்த பெயரும் உலகம் சுற்றிற்று. மலாய் மக்கள் உடுக்கும் கட்டம் போட்ட கைலிக்கு ‘பெலிக்காட்’ என்று இன்றும் பெயர். பழவேற்காட்டுத் துறையில் ஏற்றப்பட்ட தமிழ்நாட்டுத் துணியின் நினைவு அது. தறி போயிற்று, துறை தேய்ந்தது. பெயர் மட்டும் கடலுக்கப்பால் ஒரு துணியில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றது.

போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அங்கு வந்திருந்தனர். 1610இல் ஒல்லாந்தர் வேலூர் மன்னன் வேங்கடபதியிடம் இசைவு பெற்றுக் கால்கொண்டனர். 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரை முழுதும் பரந்த ஒல்லாந்த வணிகத்திற்கு 1690 வரை அதுவே தலைமையிடம். ஆங்கிலவரும் முதலில் அங்கேதான் ஒட்டிக்கொண்டு கடை வைக்கப் பார்த்தனர். ஒல்லாந்தரோடு ஒத்துப்போகவில்லை. 1626இல் ஏரிக்கு வடக்கே ஆர்மகோன் என அவர்கள் அழைத்த துர்க்கராசப்பட்டினத்தில் பண்டகசாலை அமைத்தனர். அங்கும் நல்ல துணி மலிவாய்க் கிட்டவில்லை. எனவே தெற்கே வந்து, 1639 ஆகசுட்டுத் திங்களில் கூவத்தின் முகத்தே ஒரு மணற்பரப்பை வாங்கினர். அதுவே சென்னையின் தொடக்கம். பழவேற்காட்டின்மேல் கொண்ட பொறாமையிற் பிறந்த நகரமே, இன்று பழவேற்காட்டைத் தன் புறக்கடையாகக் கொண்டிருக்கின்றது.

ஒல்லாந்தர் காலத்துப் பழவேற்காடு பொற்காலங் கண்டதென்று எண்ணிவிடலாகாது. துணியும் வெடிமருந்தும் ஏறிய அதே துறையில் மாந்தரும் ஏற்றப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டில் வற்கடம் வந்தபோதெல்லாம் உணவின்றித் தவித்த தமிழ்மக்கள் விலைக்கு வாங்கப்பட்டு, அடிமைகளாய்ப் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டனர். இன்றும் அங்குள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைத் தொல்பொருள் துறையினர் வேலியிட்டுக் காக்கின்றனர். வாயிலில் செதுக்கிய எலும்புருவங்களைக் காண வெளியூரார் வருகின்றனர். விற்றவனுக்குக் கல்லறை இருக்கின்றது. விற்கப்பட்டவனுக்கு ஒரு நடுகல்லும் இல்லை.

1825இல் ஊர் ஆங்கிலவர் கைக்கு முற்றாக வந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே சென்னை அதனைக் கடந்து வளர்ந்துவிட்டது. எவ்வாறு வளர்ந்தது? ஊர்களை விழுங்கி வளர்ந்தது. 1676இல் திருவல்லிக்கேணி, 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்ப்பேட்டை, 1708இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு. எத்தனை பாக்கங்கள்! சென்னையின் பேருந்துப் பலகைகளைப் படித்துக்கொண்டு போனால் நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்ப் பட்டியலையே படித்ததாகும். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்று தோலின் நிறத்தால் நகரம் இரண்டாயிற்று. பிரெஞ்சுக்காரர் முற்றுகைக்குப் பின், கோட்டையின் பீரங்கிக்கு எதிரே வெளி வேண்டுமென்று பழைய கறுப்பர் பட்டணத்தை இடித்து நிரவினர். உயர் வழக்குமன்றம் இன்று நிற்பது அந்நிலத்தில்தான்.

இப்பட்டியலில் கத்திவாக்கம் ஒன்றை மட்டும் தனித்து நோக்குக. எண்ணூரை உள்ளடக்கிய அக்கரையூர் 1708இல் ஆங்கிலவர் கையிற் போயிற்று. சென்னை மாநகராட்சி தன் எல்லையை 174 சதுரக் கிலோமீட்டரினின்று 426 ஆக விரித்து அதனைத் தன் வட்டங்களுள் ஒன்றாக்கியது 2011இல். இடையில் முந்நூற்று மூன்று ஆண்டுகள். அந்நெடுங்காலத்தில் நகரம் அவ்வூரைப் பயன்படுத்தத் தயங்கியதில்லை. தன் மக்களாய் எண்ணத்தான் தயங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் எழுந்தது. 2017இல் மூடப்படும்வரை அதன் கரியும் சாம்பலும் அவ்வூருக்கு, ஒளி நகரத்திற்கு.

நகரங்கள் வளரும் முறையை ஆய்ந்த சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பர்கெசு என்பார், 1925இல் ஒரு படம் வரைந்து காட்டினார். நடுவே வணிக மையம், அதனைச் சுற்றி வளையம் வளையமாய் ஏழையர் பகுதி, தொழிலாளர் பகுதி, செல்வர் பகுதி என நகரம் நீரில் எறிந்த கல்லின் அலைபோல் விரியும் என்பது அவர் கொள்கை. பின்வந்தோர் அதில் பல குறை கண்டனர். சென்னையைக் கொண்டு காணும் குறை இது: அப்படம் கடைசி வளையத்தோடு முடிந்துவிடுகின்றது. நகரம் உண்பது எங்கிருந்து, குடிப்பது எங்கிருந்து, கழிப்பது எங்கே என்னும் மூன்று வினாவுக்கும் அதில் விடையில்லை. சென்னைக்கு அம்மூன்றின் விடையும் பெரும்பகுதி வடக்கே இருக்கின்றது.

முதலில் போனது விறகு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டப்பட்டுப் பின்னர் பழவேற்காடும் அதற்கு அப்பாலும் நீண்டு, 1878இல் பக்கிங்காம் பெயர் சூட்டப்பெற்ற கால்வாய் வழியே, ஏரிக்கு அப்பாலுள்ள சிரீஅரிக்கோட்டைத் தீவின் சவுக்கும் காட்டுவிறகும் படகு படகாய்ச் சென்னை விறகுத் தொட்டிகளுக்கு வந்தன. ஏரியடியிற் படிந்த கிளிஞ்சலும் அவ்வழியே வந்து, சுண்ணாம்பாகி, நகரத்துச் சுவர்களில் ஏறியது. மீனும் உப்பும் வந்தன. வடக்கே திரும்பிய படகுகளில் என்ன போயிற்று என்று கேட்டால் சொல்லத்தக்கது சிறிதே. கால்வாய் இன்று நகருக்குள் சாய்க்கடை.

பின்னர்ப் போனது நீர். மீஞ்சூர், பஞ்செட்டிப் பகுதியின் நிலத்தடி நன்னீரை, 1970ஐ ஒட்டிய ஆண்டுகளினின்று, ஆழ்குழாய்க் கிணறுகள் வாயிலாக நகரத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் இறைத்துக்கொண்டனர். நிலத்தடியில் நன்னீர் இறங்க, கடல்நீர் அவ்விடத்தை நிரப்பிற்று. கடற்கரையினின்று பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்நாட்டுக் கிணறுகள் உப்பேறின. அறிவியலார் இதனை அளந்து அளந்து எழுதியுள்ளனர். உழவர் வாயில் வைத்தே அறிந்தனர். கிணற்றை உப்பாக்கிய நகரம் அடுத்துக் கடலையே நன்னீராக்கத் துணிந்து, 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் தரும் ஆலையை நிறுவிற்று. கடல் மீனவரது, கரை மீனவரது, குழாய் நகரத்தை நோக்கிச் செல்கின்றது. ஆலை கக்கும் உப்புக்கரைசல் மட்டும் அங்கேயே தங்குகின்றது.

வானமும் தப்பவில்லை. 1970ஐ ஒட்டிச் சிரீஅரிக்கோட்டைத் தீவை நடுவண் அரசு ஏவூர்தித் தளத்திற்கென எடுத்துக்கொண்டது. 1971 அத்தோபரில் முதல் ஏவூர்தி எழுந்தது. தலைமுறை தலைமுறையாய் அத்தீவின் காட்டையும் கரையையும் நம்பி வாழ்ந்த ஏனாதியர் ஓரங்கட்டப்பட்டனர். ஏவூர்தி எழும் நாள்களில் மீனவர் கடலுக்குப் போகலாகாது என்று அறிவிப்பு வரும். நாடெங்கும் அன்று கைதட்டுவர். குப்பத்தில் அன்று உலை கொதிக்குமா என்று கேட்பாரில்லை. ஏவூர்தி வேண்டாமென்பது பொருளன்று. அந்நாளின் கூலியை அறிவியலின் செலவுக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்தால் எக்கோளும் பாதை தவறிவிடாது.

ஏரியின் பெரும்பகுதி இன்று ஆந்திர எல்லைக்குள். வேங்கடத்தை வடவெல்லையாகக் கொண்ட தமிழகம், மொழிவழி மாநிலப் பிரிவினையிலும் 1960 ஏப்பிரல் முதல்நாள் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்திலும் எதைப் பெற்றது, எதை இழந்தது என்பது தனியே எழுதவேண்டிய வரலாறு. இங்குச் சொல்ல வேண்டுவது ஒன்றே. நீருக்கு நடுவே இழுத்த கோட்டை மீன் அறியாது. மீனைத் தொடரும் வலையும் எளிதில் அறியாது. இருபுற மீனவரும் அக்கோட்டின்மேல் மோதிக்கொண்டதுண்டு. இரு மாநிலங்களும் ஏரியைத் தத்தம் கோடியில் கிடக்கும் ஒரு துண்டாகவே கருதுவதால், ஏரி முழுமைக்கும் பேசுவார் ஒருவருமில்லை. ஆரணியாறும் காளங்கியும் கொணரும் நன்னீர் குறைந்து, கடல்வாய் மணலால் தூர்ந்து, ஏரி ஆழங்குன்றி வருவதற்கு அதுவும் ஒரு கரணியம்.

இவற்றுக்கிடையே, நகரத்தார் அறியாத ஒரு சட்டம் அவ்வேரியில் நடைமுறையில் உள்ளது. அதற்குப் பெயர் பாடு. தமிழில் இச்சொல்லின் வளம் பெரிது. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு, வலையில் விழுவதும் பாடு. மீன்பாடு என்பது மீனவர் நாள்தோறும் வழங்கும் சொல். பழவேற்காட்டில் அது வலைவிரிக்கும் இடத்தையும் அவ்விடத்துக்கான முறையையும் சேர்த்துக் குறிக்கும். கடல்வாய்க்கு அருகே, ஏற்ற இறக்க நீரோட்டத்தில் இறால் மிகுதியாய் வரும் இடங்கள் சிலவே. வலியவன் நாள்தோறும் அங்கேயே வலைநாட்டினால் எளியவன் பட்டினி கிடப்பான். ஆதலின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊராரும் ஊர்கூடி, தலைக்கட்டுக் கணக்கெடுத்து, சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னார் இன்ன பாட்டில் வலைவிரிக்கலாம் என்று முறை வைத்துக்கொண்டனர். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை விட்டுக்கொடுப்பான். முறை தவறினவனை ஊர் தண்டிக்கும். எழுதப்படாத சட்டமாயினும் எழுதிய சட்டங்கள் பலவற்றினும் உறுதியாய் நின்றது. பொதுவளத்தைப் பலர் பயன்கொண்டால் அது பாழாகியே தீரும் என்று மேலை நாட்டார் சிலர் நூலெழுதியது நேற்று. பாழாகாமல் பகிர்வதெப்படி என்று எழுதப்படிக்கத் தெரியாத மீனவர் வகுத்துக்கொண்டது அதற்கு நெடுநாள் முன்னர்.

ஆனால் இம்முறைக்குள்ளும் ஒரு கதவு சாத்தப்பட்டுள்ளது. பாட்டில் இடம்பெறுவார் பட்டினவக் குலத்துத் தலைக்கட்டினர் மட்டுமே. ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும், பிற்காலத்தில் மீன்பிடியை மேற்கொண்ட தாழ்த்தப்பட்ட மக்கட்கும் அதில் பங்கில்லை. 1970களினின்று இறாலுக்கு அயல்நாட்டு விலை கிடைக்கத் தொடங்கியதும் ஏரியை நாடுவார் தொகை பெருகிற்று. ஊர்களுக்கிடையே பூசலும் பெருகிற்று. நகரம் குப்பத்தாரைப் புறத்தே நிறுத்துவது கொடுமையெனில், குப்பம் இருளரைப் புறத்தே நிறுத்துவதும் அதே கொடுமையே. தமிழரென ஒன்றுபட்டு நகரத்தின்முன் வழக்குரைக்க எழுவார் முதலில் தம் பாட்டுச்சீட்டில் இருளன் பெயரையும் எழுதிக்கொண்டு எழுதல் வேண்டும். அன்றேல், எதிர்ப்பக்கத்தார் பிரித்தாள்வதற்குப் புதிதாய் ஒன்றும் செய்ய வேண்டியிராது.

எதிர்ப்பக்கம் இன்று முன்னெப்போதினும் பெரிது. எண்ணூர்க் கழிக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் இடையே கடலோரத்தில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலம் காட்டுப்பள்ளி. கொற்றலை என்னும் நற்றமிழ்ப் பெயர் கொசத்தலையெனச் சிதைந்த ஆறு அதன் தென்புறத்தே கடலிற் கலக்கின்றது. அந்த ஆற்றுக் கழியைச் சூழ வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும், 2001இல் திறக்கப்பெற்றுப் பின்னர்க் காமராசர் பெயர் சூட்டப்பெற்ற துறைமுகமும் வந்து நெருக்கின. சாம்பற்குழாய் கசிந்து கழியடி வெளிறிற்று. 2023 திசம்பர்ப் பெருமழையில் மணலிப் பகுதியினின்று எண்ணெய் வெள்ளத்தோடு இறங்கிக் கழியெங்கும் பரவியது. படகும் வலையும் கறுத்தன, மீன்வாங்க ஆளில்லை. கழிக்கு வடக்கே, காட்டுப்பள்ளிக் குப்பத்தார் இடம்பெயர்க்கப்பட்ட கரையில் இலார்சன் துப்ரோ நிறுவனத்தாரின் துறைமுகம் 2013இல் இயங்கத் தொடங்கிற்று. 2018இல் அது அதானி குழுமத்தார் கைக்கு மாறிற்று. ஏறத்தாழ 330 ஏக்கரில் உள்ள அத்துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கும் மேலாக விரிக்கவேண்டும், அதன்பொருட்டுக் கடலையே தூர்த்துப் பெருநிலம் ஆக்கவேண்டும் என்னும் திட்டம் அரசின்முன் வைக்கப்பட்டது. கடலில் ஓரிடத்தைத் தூர்த்தால் மணலோட்டம் தடைப்பட்டு அதன் வடகரை அரிக்கும். துறைமுகச் சுவரெழுந்த இடந்தோறும் இக்கரையில் நடந்தது அது. காட்டுப்பள்ளித் திட்டு அறுபட்டால் கடல் நேரே ஏரிக்குள் புகும். அன்று ஏரி என்பதே இராது, பாடும் இராது.

துறைமுகத்தால் வேலை பெருகும் என்பார் உளர். வேலை வேண்டுவதே, மீனவன் மகன் மீனவனாகவே கிடக்கவேண்டும் என்று எவரும் கட்டளையிடல் தகாது. அவன் கப்பற்பொறியியல் கற்கட்டும், துறைமுகத்தை ஆளட்டும். ஆனால் கரையை ஈந்தார்க்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியே. ஏரியில் அவன் பங்காளி. வாயிலில் அவன் காவற்காரன். இம்மாற்றத்தை வளர்ச்சி என்னும் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர்.

2022 அத்தோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுரக் கிலோமீட்டரினின்று 5,904 ஆக, ஏறத்தாழ ஐந்து மடங்காக, விரிக்கப்பட்டது. மீஞ்சூர் துணைநகரமாகும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. பெருநகருக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டு வருகின்றது. கத்திவாக்கத்துக்கு நேர்ந்தது பொன்னேரி வட்டத்துக் கரையூர்களுக்கும் நேருமா என்பது அத்திட்டத்தின் வரைபடத்தில் அடங்கியிருக்கின்றது. வரைபடம் என்பது வெறுந்தாளன்று. அதில் ஆலை இருக்கும் இடம் நிறந்தீட்டிக் காட்டப்படும். சாலை கோடிட்டுக் காட்டப்படும். பாடு விரியும் நீர்ப்பரப்பு வெற்றிடமாய் விடப்படும். வெற்றிடமாய்க் காட்டப்பட்டது நாளை ‘பயன்படாத இடம்’ எனப்படும். கடற்கரை ஒழுங்காற்று அறிவிப்பின்படி மீனவர் ஊர்களையும் அவர்தம் பொதுவிடங்களையும் படத்திற் குறித்தல் வேண்டும் என்பது விதி. வலையுலர்த்தும் மணல், படகேற்றும் கரை, இறால் தடவும் ஆழமற்ற நீர், பாட்டிடங்கள் யாவும் ஊரார் சொல்லச்சொல்ல அவர்தம் பெயராலேயே குறிக்கப்படல் வேண்டும். ‘லைட் அவுசு குப்பம்’ என்று எழுதும் அலுவலர் கலங்கரைவிளக்கக் குப்பம் என்று எழுதக் கற்றுக்கொள்வதும் அப்போதே நடக்கலாம்.

மொழிச் சிக்கல் இங்குத்தான் வயிற்றுச் சிக்கலாகின்றது. தமிழ் ஆட்சிமொழியென்று சட்டம் செய்தது 1956இல். 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்போ, முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் போதும், சுருக்கத்தை மட்டும் மக்கள் மொழியில் தந்தால் போதும் என்கின்றது. 2020இல் அவ்வறிவிப்பைத் திருத்த முனைந்த நடுவண் அரசு அதன் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு நிறுத்திக்கொண்டது. 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று தில்லி உயர் வழக்குமன்றம் அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் ஆணையிட்டது. பத்து நாளில் மொழிபெயர்த்து முடிக்க வேண்டியிருக்க, அரசு உச்ச வழக்குமன்றத்திற்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. மொழிபெயர்ப்பாளர்க்குத் தரும் கூலியினும் வழக்கறிஞர்க்குத் தரும் கூலி அவர்களுக்கு மலிவாய்த் தோன்றியது போலும்!

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவுக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 சனவரி 22 என்று நாள் குறிக்கப்பட்டுத் தள்ளி வைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மீண்டும் குறிக்கப்பட்டு மீண்டும் தள்ளி வைக்கப்பட்டது. மீனவர் எதிர்ப்புக்கு அஞ்சி நின்றதாக மகிழ்ந்திருத்தல் கூடாது. தள்ளிவைத்தல் வேறு, கைவிடல் வேறு. அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே விதி தரும் காலம் குறைந்த அளவு முப்பது நாள். அம்முப்பது நாளில் மணலோட்டக் கணக்கும் அலைக் கணக்கும் நிரம்பிய ஆங்கில ஏட்டைப் படித்து, அதில் பிழை கண்டு, மேடையேறி ஏரிக்கரை மீனவன் மறுத்துரைக்க வேண்டும். கடல்வாய் எத்திங்களில் அடைபடும், எக்காற்றில் திறக்கும், இறால் எவ்வழி நுழையும் என்பவற்றை அந்த ஏட்டை எழுதினாரினும் நன்கறிந்தவன் அவன். அவன் அறிந்ததை அவன் மொழியிற் கேட்கும் வழியில்லாமையால் அவன் அறியாதவன் ஆகின்றான்.

அவ்வேட்டைக் காண அவன் செல்லக்கூடிய இடங்களுள் ஒன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ள திருவள்ளூர். போய்வர ஒருநாள், அந்நாள் அவன் முறை நாளாயின் பாடு போயிற்று. எனவே முழு அறிக்கையும், சுருக்கமன்று, முழு அறிக்கையும், தமிழில் ஆக்கப்பட்டு, ஏரிக்கரை ஊராட்சி அலுவலகங்களிலேயே கூட்டத்திற்கு அறுபது நாள் முன்னதாக வைக்கப்படல் வேண்டும். மூன்றாம் முழுமைத் திட்டத்திற்கும் அதுவே முறையாதல் வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர்ப் பகுதித் தமிழாசிரியர்களும் தமிழன்பர்களும் அதற்குக் காத்திராமல், இப்போதுள்ள தமிழ்ச் சுருக்கத்தையேனும் குப்பந்தோறும் மாலைவேளையில், வலைசெப்பனிடும் திண்ணைகளில், இருளர் குடியிருப்பையும் விடாமல், உரக்கப் படித்துக் காட்டலாம். சுருக்கத்தில் விடுபட்டவை எவை என்று கேட்பவரே எடுத்துச் சொல்வர். சொன்னவற்றை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, கைந்நாட்டோ கையெழுத்தோ பெற்று, ஆட்சியர்க்கும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திற்கும் இப்போதே விடுத்தல் வேண்டும்.